ஹாமில்டன் போய் வந்த மழை

ஐப்பசி ஐந்தாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு, அட்லாண்டிக் கடலின் நடுவே கிடக்கும் பெர்முடாத் தீவின் தலைநகரமான ஹாமில்டனில், கப்பல்துறையைப் பார்த்த கடைத்தெருவில் இருந்தவர்கள் இவர்கள்: கோரையேந்தலில் இருந்து அன்று காலையில் வந்து இறங்கிய பூமயில், அந்த ஊரின் ஒரு பெரிய ஓட்டலில் சமையல்காரனாக இருக்கும் அவள் தம்பி நாகநாதன், தம்பி பெண்டாட்டி ஸ்டெல்லா, அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி மிஸஸ் ஃபர்பர்ட், தண்ணீர் லாரி ஓட்டும் டில், கூண்டு மாதிரி கட்டிய மேடையில் நின்று வண்டிகளுக்குக் கைகாட்டும் போலீஸ்காரர், ஓலைத்தொப்பி விற்கும் பெண், கோட்டும் அரைக்கால் சட்டையும் போட்ட இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் இருவர், கப்பலில் இருந்து இறங்கி எந்தக் கடைக்குள் போவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு புருஷன் பெண்டாட்டி. மொத்தம் பதினொரு பேர். பூமயில் எண்ணியது, ஆகவே தப்பு இருக்காது.

பூமயில் எங்கே போனாலும் எண்ணுவாள். பள்ளிக்கூடச் சத்துணவு மையத்தில் முப்பத்தொரு வருஷம் தட்டும் முட்டையும் எண்ணிய பழக்கம். ஓய்வு பெற்றபிறகு ஊர் அவளை ஊருணிக்கரையில் உட்கார வைத்தது. கோரையேந்தலில் கோடை நீண்டால், குடிதண்ணீர் ஊருணிக்குக் காவல் போட்டு, வீட்டுக்கு இரண்டு குடம் என்று முறை வைத்துவிடுவார்கள். ஐம்பத்து மூன்று வீடு, நூற்றாறு குடம். வெயில் குடிப்பதற்குப் பதினாலு குடம் சேர்த்தால் ஒரு நாளைக்கு நூற்றிருபது. ஊருணியின் எந்தப் படியில் தண்ணீர் நின்றால் எத்தனை குடம் இருக்கிறது என்று போன வறட்சியிலேயே அவள் அளந்து வைத்திருந்தாள். ஒரு குடத்துக்கு ஒரு புளியங்கொட்டை. எடுக்க எடுக்க ஒரு டப்பாவில் இருந்து மறு டப்பாவுக்குப் போடுவாள். மூன்றாம் தேதி காலையில் புறப்பட்டபோது டப்பாவில் இருந்தவை மூவாயிரத்து நூற்றிருபது கொட்டைகள், அதாவது இருபத்தாறு நாள் தண்ணீர். போக இரண்டு நாள், தங்க இருபத்தொரு நாள், வர இரண்டு நாள். ஒரு நாள் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடலாம் என்று கணக்குப் பார்த்துத்தான், தம்பி ஏழு வருஷமாகக் கூப்பிட்டதற்கு அவள் சரி என்றாள். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும் என்பது தனி.

புறப்பட்ட அன்று தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, வழக்கப்படி, "ஹாமில்டன் போறேன், வர்றீகளா?" என்று கேட்டாள். பக்கத்துச் சந்தைக்குப் போனாலும் அப்படிக் கேட்பதுதான் அங்கே மரியாதை. "நாங்க எங்கத்தா வர்றது, நீ போயிட்டு வா" என்று பதில் சொல்வதும் மரியாதை. கடைசி வீட்டைத் தாண்டியபோது கிழக்கே ஒரு மேகம் நின்றது. அந்த வருஷத்தின் முதல் மேகம். வாய் பழக்கத்தில் அதையும் பார்த்து, "நீயும் வர்றியா?" என்று கேட்டுவிட்டு மினிபஸ்ஸில் ஏறிவிட்டாள். மேகம் மரியாதை தெரியாதது. கேட்டதை நிஜமென்று எடுத்துக்கொண்டது.

அதனால்தான் ஐந்தாம் தேதி மூன்று மணிக்கு அந்தக் கடைத்தெருவில், தொண்ணூற்றேழு நாளாக ஒரு சொட்டு விழாத ஊரில், விமானத்துக்கு ஆறு மணி நேரம் பிந்தி வந்து சேர்ந்த கோரையேந்தல் மழை, பூமயிலின் தலைக்கு நேர்மேலே, வந்துவிட்டேன் என்று சொல்வது போல ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கொட்டத் தொடங்கியது. மேகத்திடம் யாரும் விசா கேட்கவில்லை.

பூமயில் அப்போது செய்தது, அந்தத் தெருவில் அதற்கு முன் யாரும் செய்யாதது. தொப்பிக்காரி கையில் இருந்த தொப்பியைப் பிடுங்கி மல்லாத்தி ஏந்தினாள். போலீஸ்காரரின் மேடைப் பக்கத்தில் இருந்த பூந்தொட்டியை நகர்த்திக் கடைக்கூரையில் இருந்து விழும் தாரைக்கு நேரே வைத்தாள். கோட்டுப் போட்டவரின் கையில் இருந்த காப்பிக் கோப்பையைக்கூட விடவில்லை. "ஏப்பா நாகு, பாத்துக்கிட்டு நிக்கிறியே, ஏனத்தை எடுத்து வையப்பா!" என்று கத்தினாள். வாழ்நாளில் தெருவில் சத்தம் போட்டுப் பேசாதவள் அவள்.

"அக்கா, அக்கா, விடு. இங்க ஏனமெல்லாம் வைக்கமாட்டாங்க. மேல பாரு."

அவள் மேலே பார்த்தாள். ரோஸ், மஞ்சள், இளநீலம் என்று வரிசையாக நின்ற கட்டடங்கள் ஒவ்வொன்றின் தலையிலும், படிப்படியாக இறங்கும் வெள்ளைக் கூரை. அந்தத் தீவில் ஆறு கிடையாது. கூரைக்குச் சுண்ணாம்பு அடித்துத் துடைத்து வைத்து, அதில் விழும் மழையைக் குழாய் வழியே வீட்டுக்கு அடியில் இருக்கும் தொட்டிக்கு இறக்கி, அதைத்தான் வருஷம் முழுக்கக் குடிக்கிறார்கள் என்று நாகநாதன் சொன்னான்.

"அப்ப வீட்டுக்கு வீடு ஒரு ஊருணிய அடியில வச்சிருக்காகன்னு சொல்லு" என்றாள் பூமயில். அந்த ஊரின்மேல் அவளுக்கு மதிப்பு வந்தது அந்த நிமிஷத்தில்தான். பிறகு வெட்கம் வந்து, தொப்பியில் இருந்த தண்ணீரைச் சிந்தாமல் பூந்தொட்டிக்கு ஊற்றிவிட்டு, தொப்பியைக் கீழே வைத்தாள். தொப்பிக்காரி அதை வாங்கவில்லை. நனைந்த முகத்தோடு சிரித்து, நீயே வைத்துக்கொள் என்று கைகாட்டினாள்.

மழை ஊர் எல்லைக்குள் மட்டும் பெய்தது. அதுவும் பூமயில் நின்ற இடத்தில் கனமாகவும், தள்ளிப்போகப்போகத் தூறலாகவும் பெய்தது. மறுநாளும் மூன்று மணிக்கு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நான்காம் நாள் நாகநாதன் அவளை மேட்டுத்தெரு மாதா கோயிலுக்கு அழைத்துப் போனபோது மழை மேட்டுத்தெருவில் பெய்து, கடைத்தெரு காய்ந்து கிடந்தது. அன்றைக்கே ஊருக்குப் புரிந்துபோயிற்று. யாரும் வாயைப் பிளக்கவில்லை. அங்கே மழை என்பது வேடிக்கை பார்க்கிற விஷயம் இல்லை, வந்தால் வாங்கிக்கொள்கிற விஷயம். வங்கிக்காரர்கள் சாப்பாட்டு நேரத்தை மூன்று மணிக்கு மாற்றினார்கள். சலவைக்கடைக்காரன் துணி காயப்போடுவதைக் காலை வேளைக்கு மாற்றினான். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் இந்த மழைக்கு யார் பொறுப்பு என்று மூன்று நாள் கூட்டம் போட்டுப் பேசி, நான்காம் நாள் ஆளுக்கொரு குடை வாங்கிக்கொண்டார்கள். தண்ணீர் லாரி டில் மட்டும் வேலையில்லாமல் மிஸஸ் ஃபர்பர்ட் வாசலில் வந்து நின்றான். கோபமாக வந்திருக்கிறான் என்று பூமயில் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"உங்க அக்காகிட்ட சொல்லு. மூணு மாசம் கழிச்சு நேத்துத்தான் நான் எட்டு மணி நேரம் தூங்கினேன். லாரி சும்மாதான் நிக்குது. அவங்க எங்க போகணுமோ நான் கொண்டுபோய் விடறேன்" என்றான் டில் நாகநாதனிடம்.

"தண்ணி லாரியிலயா?" என்றாள் ஸ்டெல்லா. "எங்க மைனி என்ன, மோட்டார் பம்பா?"

ஆனால் பூமயில் அதில்தான் போனாள். போகவேண்டிய வீடுகளின் பட்டியலை மிஸஸ் ஃபர்பர்ட் எழுதினாள். எழுபத்தெட்டு வயதில், காலையில் காதில் முத்துத்தோடு போடாமல் மாடியில் இருந்து இறங்காத அம்மாள் அவள். யார் வீட்டுத் தொட்டியில் எத்தனை அங்குலம் இருக்கிறது என்று கேட்டு, குறைவாக உள்ள வீட்டை முதலில் போட்டாள். அந்தப் பட்டியலைப் பார்த்தபோது, பாஷை தெரியாத அந்த அம்மாளும் தானும் ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர்கள் போலப் பூமயிலுக்குத் தோன்றியது.

ஒவ்வொரு வீட்டிலும் தேநீரும் கேக்கும் வைத்து, பூமயிலை நல்ல நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மூன்று மணிக்கு மேலே மழை இரையும். கீழே தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தத்தை எல்லோரும் பேசாமல் கேட்பார்கள். முப்பத்தொரு வருஷம் அவள் நின்றுகொண்டே பரிமாறியவள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கேக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பாள். கோட்டும் அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை காலுறையுமாக ஒரு பெரிய மனிதர் வந்து கைகொடுத்தபோது, தம்பியின் காதில், "ஏப்பா, இவுக மேல கல்யாணத்துக்குப் போறாப்புலயும் கீழ வயலுக்குப் போறாப்புலயும் இருக்காகளே, எங்கதான் போறாக?" என்று கேட்டாள். நாகநாதன் சிரிப்பை அடக்கி, அவர் நகரசபையில் பெரிய ஆள் என்றும், அக்கா விரும்பினால் ஆறு மாதம் தங்குவதற்குக் கடிதம் தருகிறாராம் என்றும் சொன்னான்.

அந்த ஊரின் இன்னொரு பழக்கம், எதைப் பேசுவதற்கு முன்னும் வணக்கம் சொல்லவேண்டும். கடையில் போய் நேராகச் சாமானைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "குட் மார்னிங்", "குட் ஆஃப்டர்நூன்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை. தெரியாத ஆளிடம் பேசக் கூச்சப்படும் பூமயில், முதல் நாள் ஏழு தடவையும், பத்தாம் நாள் நாற்பத்தொரு தடவையும் சொன்னாள். பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸுக்கே சொல்லும் அந்த ஜனங்கள் மழையை விடுவார்களா? இரண்டே முக்கால் மணிக்கெல்லாம் தெருவில் நின்று, மேகம் வந்ததும் தொப்பியைத் தூக்கி, "குட் ஆஃப்டர்நூன்" என்றார்கள். போலீஸ்காரர் மேடையில் இருந்தபடியே சல்யூட் அடித்தார்.

ஊரில் மூக்கம்மாளிடம் பேச பூமயில் நான்கு நாளைக்கு ஒருமுறை போன் போட்டாள். மூக்கம்மாள் பக்கத்து வீட்டுக்காரி, இப்போது புளியங்கொட்டை டப்பாவுக்குப் பொறுப்பு.

"என்னத்தா, வெள்ளைக்காரி ஆயிட்டியா?"

"இங்க கறுத்த ஆளுகதான் நெறைய. நம்ம மாதிரிதான் இருக்காக. ஊருணி எந்தப் படியில நிக்குது, அதச் சொல்லு."

"எறங்குது. நீ போன அன்னையிலேர்ந்து வானம் துடைச்சு வச்சாப்புல கெடக்கு. கெழக்க ஒரு மேகம் நின்டுச்சே, அதையும் காணோம்."

பூமயில் போனை வைத்துவிட்டாள். மிஸஸ் ஃபர்பர்ட்டின் கூரை வாய்க்காலில் பூமயில் முந்தின நாள் ஒரு வேப்பிலை பார்த்திருந்தாள். உலகத்தில் வேப்பமரம் ஒன்றா இரண்டா என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மழை விழுந்த முதல் நிமிஷத்தில் தெருவில் எழுந்த வாசனை கரிசல்மண் நனைந்த வாசனை. அந்தத் தீவிலோ கரிசலே கிடையாது. அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தாள். நாற்காலியில் உட்காரும் பழக்கம் வந்துவிட்ட ஒரு ஆளுக்குச் சமாதானங்களுக்குப் பஞ்சம் இல்லை.

இருபத்துநான்காம் தேதி, இருபதாவது மழை விட்டபிறகு, கூரைக் குழாயின் வாயில் இருந்த வலையைச் சுத்தம் செய்யப்போனபோது, சுருண்டு ஒட்டிக்கிடந்த ஒரு ரோஸ் காகிதத்தை எடுத்து விரித்தாள். பாதி அழிந்திருந்தது. மீதியில், 'காதணி விழா' என்றும், 'இடம்: ஊருணிக்கரை மந்தை, கோரையேந்தல்' என்றும், கீழே 'அனைவரும் வருக' என்றும் இருந்தது. மினிபஸ் நிற்கும் புளியமரத்தில் ஆணியடித்திருந்த நோட்டீஸ். அவளே பார்த்தது.

பூமயில் கூரைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருபது மழை. ஒவ்வொன்றும் ஊருணிக்கு எத்தனை படி ஏற்றியிருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. முதல் மூன்றிலேயே ஊருணி நிறைந்து, மற்றதில் கண்மாய்க்கும் போயிருக்கும். அதையெல்லாம் கேக் தின்றுகொண்டு அடுத்தவன் தொட்டியில் விழக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிஸஸ் ஃபர்பர்ட்டிடம் சொன்னாள். "இது எங்க ஊரு மழை. நான் வாய்தவறிக் கூப்பிட்டு வந்துருச்சு. நாளையிலேர்ந்து நான் எங்கயும் வரல. அதைப் பெய்ய வேணாம்னு சொல்லப்போறேன். இருபத்தாறாந்தேதி கையோட கூட்டிட்டுப் போயிர்றேன்."

நாகநாதன் மொழிபெயர்க்கவில்லை. "அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அங்க போயி என்ன செய்யப்போற? வெயில்ல உக்காந்து கொட்டை எண்ணப்போற. இங்க ஊரே உனக்கு எந்திரிச்சு நிக்குது. ஆறு மாசம் இரு. என் கையால சமைச்சுப் போடறேன். இத்தனை வருஷம் ஊருக்கு நீ போட்டது போதாதா?"

"எனக்கு எந்திரிச்சு நிக்கலப்பா. மழைக்கு நிக்கிறாக. நான் சொன்னதச் சொல்லு."

அவன் சொன்னான். மிஸஸ் ஃபர்பர்ட்டின் முகம், அடுத்தவர் இலையில் கைவைத்து இவ்வளவு நேரம் சாப்பிட்டுவிட்டோம் என்று தெரிந்தவரின் முகம் மாதிரி ஆயிற்று. எழுந்து போய்ப் பட்டியலை எடுத்து வந்தாள். கடைசியாக இருந்த ஒரு பெயரைப் பென்சிலால் அடித்தாள். "உங்கள் ஊரில் இன்னும் எத்தனை நாள் தண்ணீர் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். நாலு நாள் என்றதும் தலையைக் குனிந்துகொண்டாள். தொண்ணூற்றேழு நாள் காய்ந்த ஊருக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

இருபத்தைந்தாம் தேதி மேகம் மூன்று மணிக்கு வந்தது. பூமயில் சன்னலைத் திறந்து, "இன்னைக்கு வேணாம், இரு" என்றாள். அது பெய்யாமல், துறைமுகத்துக்கு மேலே, கட்டிப்போட்ட எருமைபோல நின்றது. ஜனங்கள் அதற்கும் வணக்கம் சொல்லிவிட்டு, கேட்காமல் நகர்ந்தார்கள். சேதி ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

அன்று மாலை ஸ்டெல்லா வேலையில் இருந்து வந்து கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தாள். அவள் கையைப் பூமயில் பார்த்தாள். தோல் வெடித்து, விரல் இடுக்கெல்லாம் சிவந்திருந்தது.

"இது என்ன கை?"

"ஒண்ணுமில்ல மைனி. தண்ணியில்லாம மருந்துபோட்டுத் துடைச்சுத் துடைச்சு அப்படி ஆயிட்டு."

ஸ்டெல்லா வேலை பார்த்தது முதியோர் இல்லத்தில். அது துறைமுகத்துக்கு எதிரே, பாலமில்லாத ஒரு குட்டித்தீவில் இருந்தது. டில்லின் லாரி கடலில் ஓடாது. தண்ணீர்ப்படகு பழுதாகி இரண்டு மாதமாகக் கரையேறிக் கிடந்தது. கேன்களில் போவது குடிக்க மட்டும். முப்பத்தொரு கிழவர் கிழவிகளை ஈரத்துணியால் துடைத்துத்தான் படுக்கவைக்கிறார்கள்.

"பட்டியல்ல கடைசிப் பேரு அதுதானா?" என்றாள் பூமயில்.

ஸ்டெல்லா சோற்றைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

"ஏன் கடைசியில போட்ட? உன் வாயிலதான் ஊரு முழுக்க இருக்குமே, இதுக்கு மட்டும் எங்க போச்சு?"

"மைனிய வச்சு முதல்ல வாங்கிட்டான்னு சொல்லமாட்டாவளா? நான்தான் கடைசியில போடச் சொன்னேன். விடுங்க மைனி, உங்க ஊரு தண்ணி. நான் கேக்கல."

அவள் கேட்கவில்லை என்பதுதான் பூமயிலைக் குடைந்தது. விமானம் மறுநாள் நண்பகல். மழை மூன்று மணிக்கு. ஒரு நாள் தள்ளினால், இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம்தான் கோரையேந்தலில் கால்வைக்கமுடியும். அன்றைக்கு ஊருணியில் மிச்சம் ஒன்றுமில்லை. நூற்றிருபதில் நூற்றிருபது போனால் பூஜ்யம். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. மேகம் அங்கே போய்ச்சேராமல் வழியில் எங்காவது நின்றுவிட்டால், ஐம்பத்து மூன்று வீட்டிலும் அடுப்பில் உலை ஏறாது. இது அவள் தீர்மானிக்கிற காரியம் இல்லை.

இருபத்தாறாம் தேதி காலை ஏழு மணிக்கு, அங்கே சாயங்காலம் நாலரை, மூக்கம்மாளைக் கூப்பிட்டாள். முகம் தெரிகிற மாதிரி போனைப் பிடிக்கச்சொன்னாள். ஊருணிக்கரையும், அதில் வெறும் குடத்தோடு நின்ற சனமும், கீழே கடைசிப் படியில் ஒரு தாம்பாளம் அளவுக்குப் பளபளத்த தண்ணீரும் தெரிந்தன. பூமயில் எல்லாவற்றையும் சொன்னாள். மேகத்தைக் கூப்பிட்டது, நோட்டீஸ், இருபது மழை, நாற்காலி, கேக், ஒன்றையும் மறைக்கவில்லை.

மூக்கம்மாள் இடுப்பில் இருந்த வெறுங்குடத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நம்ம மழைதான் சொகுசா ஊரு சுத்துதாக்கும்" என்றாள் மூக்கம்மாள். "நாங்க இங்க காறித்துப்ப எச்சியில்லாம கெடக்கோம்."

"திட்டுறதுன்னா என்னைத் திட்டு. அதத் திட்டாத. நம்ம அதை வரும்போதெல்லாம், 'இப்ப வந்து என்னத்துக்கு', 'பெஞ்சு கெடுத்துச்சு'ன்னு வஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கோம். இங்க அதுக்கு வணக்கம் வைக்கிறாக. அதுக்குத் திரும்பிவர மனசு வேணும்ல?" என்றாள் பூமயில். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஒண்ணு இருக்கு" என்று முப்பத்தொரு கிழடுகளைப் பற்றிச் சொன்னாள். "ஒரு நாள் கூடும். இருபத்தெட்டாந்தேதி பொழுதடைய டப்பா காலியாயிரும். வேணாம்னா சொல்லுங்க, மத்தியான விமானத்துல ஏறிர்றேன்."

போனை யாரோ வாங்கினார்கள், யாரோ கொடுத்தார்கள். படத்தில் வானமும் காலும் மாறிமாறித் தெரிந்தன. பேச்சு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் மூக்கம்மாள் முகம் வந்தது.

"துடைச்சா போடுறாக? அந்த வயசுலயா?"

"ஆமா."

"அதுகளக் குளிப்பாட்டிட்டு வா. நாங்க என்ன இன்னைக்கா காயிறோம்."

அன்று பிற்பகல் பூமயிலும் ஸ்டெல்லாவும் படகில் ஏறினார்கள். தொப்பிக்காரி கொடுத்த தொப்பியைப் பூமயில் தலையில் கவிழ்த்திருந்தாள். மேகம் கடலின்மேல் நிழல்விட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தது. குட்டித்தீவில் முப்பத்தொரு பேரையும் நாற்காலியோடு முற்றத்துக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். அவள் எண்ணினாள். "குட் ஆஃப்டர்நூன்" என்றது வரிசை, ஒன்றன்பின் ஒன்றாக, பல்லிருந்த வாயும் பல்லில்லாத வாயும். பூமயில் மேலே பார்த்து, "இப்பப் பெய்யி. நல்லாப் பெய்யி" என்றாள்.

அது இருபது நாளில் பெய்யாத மாதிரி பெய்தது. அடித்தொட்டி நிரம்பி வழிந்தது. பேச்சு நின்றுபோய் இரண்டு வருஷமான ஒரு கிழவர் சட்டையைக் கழற்றி முதுகைத் திருப்பிக் காட்டினார். ஸ்டெல்லா சோப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். சத்துணவுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தலை துவட்டிவிட்டதுபோல, முப்பத்தொரு தலையையும் பூமயில் துவட்டினாள். அழுதது யார் என்று மழையில் தெரியவில்லை. எல்லாத் தலையும் துவட்டி முடித்தபிறகு, அவர்கள் வைத்த நாற்காலியில் அவள் முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கேக்கையும் சாப்பிட்டாள்.

இருபத்தேழாம் தேதி காலையில் கடைத்தெருவில் சனம் கூடிநின்றது. அந்த ஊரில் ஒருவரை அனுப்பும்போது, மறுபடியும் வாருங்கள் என்று சொல்லாவிட்டால் அவமரியாதை. ஆனால் கூப்பிட்டால் அந்த மேகம் நிஜமாகவே வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். டில் லாரியின் கதவைத் திறந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றான். மிஸஸ் ஃபர்பர்ட் முத்துத்தோட்டைத் தடவியபடி வெகுநேரம் யோசித்தாள். அழைக்கவும் கூடாது, மரியாதை குறையவும் கூடாது. கடைசியில் முகத்தை மேலே தூக்கி, "தேங்க் யூ" என்றாள். தெரு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. தேங்க் யூ, தேங்க் யூ என்று கப்பல்துறை வரைக்கும் போயிற்று. தோன்றிய நாளில் இருந்து யாரும் நன்றி சொல்லிக் கேட்டிராத அந்த மழை, என்ன செய்வதென்று தெரியாமல், ஆளுக்கு ஒரு சொட்டு போட்டது. போட்டுவிட்டு, லாரிக்குப் பின்னால் நடந்தது.

"நீங்க எல்லாரும் ஒருநா எங்க ஊருக்கு வரணும்" என்றாள் பூமயில் மிஸஸ் ஃபர்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு. அது வாய்ப்பழக்கம் இல்லை. நாகநாதன் மொழிபெயர்த்துவிட்டு, அக்காவின் பையை வாங்கித் தோளில் போட்டான். இரு என்று அதற்குமேல் அவன் சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மினிபஸ் புளியமரத்தடியில் நின்றது. பூமயில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே ஊருணிக்கு நடந்தாள். ஐம்பத்து மூன்று வீடும் கரையில் நின்றது. கிழக்கே வானத்தில் ஒன்றுமில்லை.

"எங்கத்தா?" என்றாள் மூக்கம்மாள்.

"வரும். பாதை தூரம். போகும்போதும் எனக்கு ஆறு மணி நேரம் பிந்தித்தான் வந்துச்சு. நான் விமானத்த விட்டு எறங்கி மதுரை வழியா வந்து சேர ஏழு மணி நேரம் ஆயிருச்சு, வந்துருக்கணுமே" என்றாள் பூமயில். காய்ந்த ஊருணியைப் பார்க்கப் பயந்து, கொட்டை டப்பாவைக் கேட்டு வாங்கினாள். காலியாக இருக்கவேண்டிய டப்பா கையில் குலுங்கியது.

"மூக்கம்மா! எண்ணிக்கைய விட்டுட்டியா?"

"விடுவனா? நீயே வந்து தொட்டு எண்ணினாலும் சரியாத்தான் இருக்கும்."

"அப்ப இது ஏது?"

மூக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஒரு நாள்தான் கூடும்னு சொன்ன. அங்க இன்னும் ஒரு வீடு விட்டுப்போயிருந்துச்சுன்னா, நீ இன்னொரு நாள் கேக்கக் கூச்சப்படுவ. உன்னைத் தெரியாதா எங்களுக்கு? அதான் இன்னைக்கு வீட்டுக்கு ஒரு குடம் எடுத்தோம், ஒரு குடம் எடுக்கல. கீழ பாரு, கெடக்கு."

பூமயில் கீழே பார்த்தாள். கடைசிப் படியில், ஒரு தட்டு அளவுக்கு, தண்ணீர் கிடந்தது. அதில் ஏதோ கறுப்பாக ஊர்ந்தது. நிமிர்ந்தாள். கரைக்கு மேலே, தூரம் வந்த களைப்போடு, மேகம் நின்றது.

"இப்பத்தான் வர வழி தெ..." என்று ஆரம்பித்த மூக்கம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சேலையைச் சரிசெய்து, கைகூப்பி, புது மாப்பிள்ளையை வரவேற்கிற குரலில், "வாங்க, வாங்க" என்றாள். கரை முழுக்க, வாங்க, வாங்க என்றது.

முதல் சொட்டு டப்பாவின் மூடியில் விழுந்தது.

"கொஞ்சம் பொறு" என்றாள் பூமயில், தொப்பியை எடுத்து டப்பாவுக்குக் குடைபோலப் பிடித்துக்கொண்டு. "எண்ணி முடிச்சிர்றேன்."

மழை பொறுத்தது. அவள் கரையில் உட்கார்ந்து மடியில் கொட்டிக்கொண்டு, ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினாள். பத்துக் கூறும், அதற்குமேல் மூன்றும். ஐம்பத்து மூன்று.